வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்டவள்

திருப்பதியில் யாராவது எதிரே வந்தால் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். தெலுங்கில் கேட்பார்கள், தமிழில் கேட்பார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டிருந்தாலும் ஆச்சு, சாப்பிடாவிட்டாலும் ஆச்சு. கேட்டவரும் நிற்கமாட்டார், சொன்னவரும் நிற்கமாட்டார். அவள் ஒருத்திதான் நிற்பாள். இடது கையை எடுத்துச் சேலைக் கொசுவத்துக்கு மேலே, வயிற்றின் மீது வைத்துக்கொள்வாள். அடுத்த வீட்டில் குழந்தை அழுகிறதா என்று காது கொடுப்பது மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள்.

"இரு, கேட்டுச் சொல்றேன்" என்பாள்.

எங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். காலையில் சைக்கிளில் வரும்போதே, "அன்னம் தின்னாவா அம்மா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். இவளிடம் கேட்டுவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பதில் வரும்வரை அப்படியே நின்றிருக்கிறார். காலையில் தின்ற இட்லி இன்னும் இறங்கவில்லை, ஆனால் பதினொரு மணிக்கு மேல் ஏதோ கேட்கும் போலிருக்கிறது என்று இவள் நிதானமாகச் சொல்லுவாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, மழை வருமா என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு அவள் சட்டென்று பதில் சொல்லிவிடுவாள்.

நானும் அவளும் ஒரே மெஸ்ஸில் வேலை பார்த்தோம். திருப்பதியில் படிக்க வருகிற பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் அது. ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில். அரிசியோ எண்ணெயோ எது வெளியே வந்தாலும் என் கையால்தான் வரவேண்டும். ஓனரே வீட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமென்றால் என்னிடம் வந்துதான் நிற்பார். அவள் சமையல். நகரிப் பக்கத்துக் கிராமம், எனக்குத் தங்கை வயது. என்னை அக்கா என்பாள். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ம்மே" என்றால் திரும்புவாள். பிள்ளைகள் பெத்தம்மா என்றார்கள். புருஷன் எங்கே என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒரே மகள். ஸ்ரீசிட்டியில் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை.

சமையலில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, பரிமாறி முடித்து நாங்கள் உட்காரும்போது, இவள் மட்டும் ஓரமாக நின்று கரண்டி கழுவிக்கொண்டிருப்பாள். நான் ஒன்றரை மணிக்குத் தட்டு வைத்தால் வைத்ததுதான். மழை பெய்தாலும், எதிர்வீட்டில் சாவு விழுந்தாலும் ஒன்றரை. அவளைக் கூப்பிட்டால் கையை வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்பாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, சமைத்தவங்களே சாப்பிடவில்லையே, சாம்பாரில் பல்லி கில்லி விழுந்துவிட்டதா என்று ரகசியமாகக் கேட்டது. அந்தப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்ல நான் இரண்டாம் முறை சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக் காட்டவேண்டியதாயிற்று.

பிறகு எப்போது சாப்பிடுவாள்? அது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சில நாள் பதினொரு மணி, சில நாள் மூன்றரை. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், திடீரென்று அரிவாள்மணையை மடக்கிவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கேஸ் சிலிண்டர்காரர் வந்து நின்றாலும் நிற்கட்டும். தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குந்துவாள். சாப்பிடும்போது பேச்சு கிடையாது, போன் கிடையாது. சோற்றுக்கு முகம் கொடுத்துச் சாப்பிட்டவள் அவள். நாங்கள் எல்லாம் டிவிக்கு முகம் கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள்.

அதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. பிசைந்து உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன கவளத்தை, அப்படியே நிறுத்தி, திரும்பத் தட்டில் வைத்துவிடுவாள். போதுமாம். கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைக்கிற பெண்பிள்ளையை நான் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த ஒரு வாய் உள்ளே போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டிருக்கிறேன். "அது கேக்கலையே அக்கா" என்பாள். ஆனால் ஒரு பருக்கையைக் கொட்டமாட்டாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவைப்பாள். எப்போது கேட்கிறதோ அப்போது வந்து மிச்சத்தைத் தின்பாள். எங்கள் சமையலறையில் எங்கே பார்த்தாலும் கவிழ்த்த தட்டு ஒன்று இருக்கும். தெரியாமல் திறந்தால் உருட்டி வைத்த கவளம் உங்களையே பார்க்கும்.

புரட்டாசி வந்தால் எனக்கு அவளோடு சண்டை. இந்த ஊரில் இருந்துகொண்டு புரட்டாசி சனிக்கிழமையில் வாய் கட்டாதவர்கள் உண்டா? நான் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். நாமம் போட்டுக்கொண்டு, கோவிந்தா சொல்லிக்கொண்டு, காய் நறுக்குவேன். அவளும் குளித்து நாமம் போட்டுக்கொண்டுதான் வருவாள். பத்து மணிக்கு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள். மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன் ஒரு தடவை.

"வயித்துக்குச் சனிக்கிழமைன்னு நான் சொல்லல அக்கா. பாவம், அதுக்கு இன்னா தெரியும்" என்றாள்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரத நாளில் அப்படிச் சிரித்தால் பசி இரண்டு மடங்காகும். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

ஓனர் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். எங்களையும் மதித்துக் கூப்பிட்டு, பந்தியில் உட்காரவைத்து, தானே ஜாங்கிரித் தட்டோடு வந்தார். நான் இரண்டு போடுங்கள் என்றேன், முதலாளி கையால் போடும்போது ஒன்றோடு நிறுத்துவது மரியாதையில்லை. இவள் இரண்டு கையையும் இலைக்குமேல் விரித்து, பந்தல் மாதிரி மூடிக்கொண்டாள். அவர் விடவில்லை. எனக்காக ஒன்று, எனக்காக ஒன்று என்று குனிந்தார். இவள் அவரை அண்ணாந்து பார்த்து, உங்களுக்காக நான் தின்கிறேன், எனக்காக யார் செரிக்க வைப்பது என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். அவரும் ஒரு நிமிஷம் யோசித்தார். அதோடு விட்டாளா? சாம்பார் சோற்றோடு போதும் என்று பந்தி நடுவில் எழுந்துவிட்டாள். ரசம் இன்னும் வரவில்லை, மோர் வரவில்லை, வரிசையில் ஒருவரும் எழவில்லை. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். முந்தானை என் கையில், அவள் கை கழுவுகிற இடத்தில். பாதி தூரம் நானும் கூடவே போகவேண்டியதாகிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சாயங்காலம் ஓனர் வீட்டுப் பெண்கள் எல்லாம் அசந்து படுத்திருக்கும்போது இவள் மட்டும் திரும்பப் போய், இப்போது கேட்கிறது என்று சொல்லி, ஜாங்கிரி வாங்கி மூன்று தின்றாள். அவள் குறைவாகத் தின்கிறவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். கேட்டால் கொடுப்பாள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வயிறு மிளகாய் பஜ்ஜி கேட்கிறது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய்த் தின்றுவிட்டு வந்து, நாள் முழுக்கக் கக்கூஸும் அடுப்புமாக நடந்தாள். உன் வயிறு சொன்ன லட்சணத்தைப் பார் என்றேன். வயிறு சரியாகத்தான் சொன்னது, அந்தக் கடை எண்ணெய்தான் பொய் சொல்லிவிட்டது என்றாள். வயிற்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள், மாமியார் வீட்டில் பிறந்த வீட்டைப் பேசுவது மாதிரி.

ஹாஸ்டலில் சித்தூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எதைத் தின்றாலும் போனில் போட்டுப் பார்த்துவிட்டுத் தின்கிற பிள்ளை. ஒரு நாள் அவள் ஓடிவந்து, பெத்தம்மா செய்கிறதற்கு இங்கிலீஷில் பேரே இருக்கிறது, வெளிநாட்டில் இதற்கு வகுப்பு நடத்துகிறார்கள், பசித்தால் சாப்பிடு, போதுமென்றால் நிறுத்து, அவ்வளவுதான் பாடம் என்று சொன்னாள். இவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "வகுப்பு நடக்கறப்ப பசிச்சா எந்திரிச்சிப் போவ வுடுவாங்களா?" சித்தூர்க்காரி அதையும் போனில் போட்டுப் பார்த்தாள். அந்தப் பிள்ளையும் அன்றையிலிருந்து வயிற்றைக் கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் வயிறு எந்நேரமும் பேக்கரியைத்தான் கேட்டது.

நானும் கேட்டுப் பார்த்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் வைக்கிற மாதிரியே கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக என்னை யாரும் கேட்டதில்லை, இப்போது எதற்குக் கேட்கிறாய் என்று அதுவும் சந்தேகப்பட்டிருக்கும். கடைசியில் மெதுவாக, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய் என்று ஒரு குரல் வந்தது. இது வயிறா, நாக்கு வயிறு மாதிரி பேசுகிறதா என்று எனக்கு விளங்கவில்லை. மாங்காயைத் தின்றேன். ஒன்றரைக்கு வழக்கம்போலச் சோறும் தின்றேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை அவளாகவே சொன்னாள். பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. "எங்க நைனாவும் அம்மாவும் அடுத்தவன் நெலத்துல வேல செஞ்சாங்க. அவங்க வீட்ல நெனப்பு வந்தா கூழு வரும். கூழு வர்ற நேரத்துக்கு நம்ம பசி தயாரா இருக்கணும். பசி வர்ற நேரத்துக்குக் கூழு இருக்காது. இப்ப அண்டா என் கையில இருக்குது அக்கா. இனிமே யாரு சொல்லியும் துன்ன மாட்டேன், யாரு சொல்லியும் பட்டினி இருக்க மாட்டேன்."

அதே கூழுக்குக் காத்திருந்தவள்தான் நானும். எங்களுக்கும் நிலம் கிடையாது. அதனால்தான் மணி அடித்தால் உட்கார்ந்துவிடுகிறேன், நாளைக்கு அடிக்குமோ அடிக்காதோ. ஒரே பசி அவளை ஒரு மாதிரி ஆக்கியிருக்கிறது, என்னை வேறு மாதிரி ஆக்கியிருக்கிறது. அவள் அண்டாவைக் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

அவள் மகளுக்கு விஜயபுரத்துப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கும் ஸ்ரீசிட்டியில்தான் வேலை. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்கவேண்டும். ஆனால் நடுவில் ஒரு பேச்சு காதில் விழுந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாதாம். மகள் அம்மாவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். வேலைக்குப் போகலாம் என்றால் சரி. விடச் சொன்னால், பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் வேண்டாம், கை நனைக்காமல் எழுந்து வந்துவிடு.

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், டீ குடிக்கலாம். சோற்றில் கை வைக்கக்கூடாது. பேச்சு படிந்தால்தான் கை நனைப்பது. நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும்.

பெரிய மனுஷி என்று என்னை முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். நான், அவள், ஆட்டோ ஓட்டுகிற அவள் தம்பி, மூன்று பேரும் காலையில் புறப்பட்டுப் புத்தூரில் பஸ் மாறிப் போனோம். பஸ் ஏறும் முன்பே நான் அவளிடம் சொன்னேன், ஏதாவது தின்றுவிட்டு வா என்று. வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் என்கிறது என்றாள். அங்கே போய் நடுவில் கேட்டால் என்ன செய்வாய் என்றேன். அதை இப்போதே எப்படிக் கேட்பது என்றாள். நான் என் இட்லியைத் தின்றுகொண்டே வந்தேன்.

பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பீடி பிடிக்கலாம், அவ்வளவு நிதானம். பையன் தூணோரம் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ வந்தது, குடித்தோம். நிலத்தைப் பற்றிப் பேசினார், போர் போட்டதைப் பற்றிப் பேசினார், மழையைப் பேசினார். பன்னிரண்டரைக்கு மேல்தான் விஷயத்துக்கு வந்தார். ஷிப்ட் கிப்ட் என்று பொம்பளை ராத்திரியில் போய் வருவது நம் குடும்பத்துக்கு ஒத்துவராது, பையன் சம்பாதிப்பது போதாதா என்றார். கம்பெனி பஸ்ஸில் போகிறது, கம்பெனி பஸ்ஸில் வருகிறது, பையனும் அந்தப் பக்கம்தானே போகிறான் என்றேன். அவர் துண்டை உதறித் திரும்பத் தோளில் போட்டார். அப்படியே மணி இரண்டு ஆனது. என் ஒன்றரை போய்விட்டது. அதையே நான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து கேழ்வரகுக் களி கிண்டுகிற வாசனை வந்தது. பின்னாலேயே கருவாட்டுக் குழம்பு வாசனை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் இடது கை மெதுவாக எழுந்து வயிற்றின்மேல் போய் உட்கார்ந்தது. தலை சாய்ந்தது.

"இப்ப கேக்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நான் கேக்கல அக்கா. அது கூப்பிடுது" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். சமையலறையில் பையனின் அம்மா அடுப்புக்கு முன்னால் களித்துடுப்போடு நின்றிருந்தாள். ஒல்லியான பெண், முகமெல்லாம் வேர்வை. இவள் போனதும் போகாததுமாக, ஒரு தட்டு கொடுங்க, பசிக்கிறது என்றாள். அந்த அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. வந்த சம்பந்தி இப்படிக் கேட்டு அவள் கேள்விப்பட்டிருக்கமாட்டாள்.

"ம்மே, வாணாம்டி. கை நனைச்சா முடிஞ்சிபோச்சி. பொண்ணு சொன்னத மறந்துட்டியா?" என்றேன்.

"மறக்கல. அது வேற, இது வேற" என்று சொல்லிக்கொண்டே சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் அவள் கையில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்க்கும்போது களி உருண்டையில் பள்ளம் பறித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் வாய் போனதும் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ துன்னியா?"

"ஆம்பளைங்க இன்னும் துன்னலியே."

"அவங்கள கேக்கல. உன்ன கேட்டேன்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து இரண்டு டீதான் என்றாள். உன் வயிறு என்ன சொல்கிறது என்று இவள் கேட்டாள். அது சொல்வதை யார் கேட்கிறார்கள் என்று அவள் சொன்னாள். "நான் கேக்கறேன், குந்து" என்று இவள் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள். அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்தாள், கதவை ஒரு தரம் பார்த்தாள், களிப் பானையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு என் உடம்பு போதும். பெரியப்பா வெளியேயிருந்து தண்ணீர் கேட்டார். பதில் சொல்ல முடியாதபடி இரண்டு பேர் வாயிலும் களி. இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவரே எழுந்து வந்துவிட்டார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இவள் கையைத்தான் முதலில் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"சரி. சம்பந்தி கை நனைச்சாச்சி. சம்மதம்னு ஆயிப்போச்சி. பொண்ண வேலைய வுட்டுடச் சொல்லிடுங்க" என்று கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். அவள் தம்பி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

இவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். கை கழுவவில்லை. களி ஒட்டிய விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"பசிச்சிது, துன்னேன். சம்மதத்த நான் வாயாலதான் சொல்லுவேன், கையால இல்ல. எம் பொண்ணு வேலைக்குப் போவா. வாணாம்னா சொல்லிடுங்க, துன்ன களிக்கு ஒரு மூட்ட வேர்க்கல்ல உரிச்சிக் குடுத்துட்டுப் போறேன்."

பெரியப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கை நனைத்துவிட்டுக் கண்டிஷன் போடுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன், இது நடக்காது என்று சொல்லித் துண்டை உதறினார். தம்பி செருப்பைத் தேட ஆரம்பித்தான். பையன் போனை இறக்கிவிட்டு எங்களையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு மகள் முகம்தான் கண்ணில் வந்தது. பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது அவள் எங்களைப் பார்க்காமல் பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எல்லாம் இந்த வயிற்றால் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது பையனின் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அவள் கையிலும் களி. பெரியப்பா பார்வை அந்தக் கைக்குப் போயிற்று. ஆண்கள் உட்காரும் முன்னால் அவள் சாப்பிட்டு அந்த வீடு பார்த்ததில்லை போலிருக்கிறது.

"நீயுமா?" என்றார்.

"பசிச்சிது மாமா" என்றாள். வாயில் இன்னும் கொஞ்சம் இருந்தது, விழுங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வேலைக்குப் போவட்டும். போயி, பசிச்ச நேரத்துக்கு எதனா வாங்கித் துன்னட்டும். வேலைய வுட்டுட்டு வந்து, நீங்கல்லாம் துன்னு முடிக்கிற வரைக்கும் பானைய பாத்துக்கினு குந்தியிருக்க இன்னொருத்தி வாணாம். நான் ஒருத்தி இருந்தது போதும்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெரியப்பா பையனைப் பார்த்து, நீ என்னடா சொல்கிறாய் என்றார். அம்மா சொல்வதுதான் என்றான். அன்று முழுக்க அவன் பேசிய ஒரே பேச்சு அது, அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. பெரியப்பா துண்டை எடுத்தார், போட்டார். அவரும் காலையிலிருந்து டீயோடு இருக்கிறவர்தானே. குழம்பு வாசனை கூடத்தை நிறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் சமையலறைப் பக்கம் பார்த்து, கொஞ்சம் குரல் இறங்கி, "எங்களுக்கு எதனா மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்றார்.

அதுதான் அவர் சம்மதம். அன்று அந்த வீட்டில் ஆண்கள் கடைசியாகச் சாப்பிட்டார்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்தேன். களி ஆறித்தான் போயிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் போன் செய்தாள். கூட்டத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கை நனைச்சிட்டியா?"

"நனைச்சிட்டேன்."

"வேலைக்கு?"

"போலாம்னுட்டாங்க."

அந்தப் பெண் அம்மாவை நன்றாகத் தெரிந்தவள்.

"ரெண்டுல எது முன்னாடி?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். முன் சீட்டில் தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"பசிதான்டி முன்னாடி" என்றாள்.

பதிலுக்கு மகள் ஏதோ சொன்னாள். பஸ் அப்போதுதான் ஹாரன் அடித்தது, எனக்கு விளங்கவில்லை. போனை வைத்ததும், திட்டுகிறாளா, என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"இன்னா கொழம்புன்னு கேக்கறா" என்றாள்.